சத்தமில்லாத கேமிங் கணினி: 9800எக்ஸ்3டி + 5080. இந்தப் பட்டியல் ஒன்றோடொன்று பொருந்துமா?

இரவுப்பறவை:

வணக்கம். முதன்முறையாக நானே பாகங்கள் வாங்கிப் பூட்டப்போகிறேன். இடம் சென்னை. ஏசி இரவில் மட்டும்தான், மே மாதப் பகலில் அறை 34 டிகிரியைத் தொடும். கேபினெட் மேசை மேலேயே, காதிலிருந்து இரண்டடி தூரத்தில் இருக்கும். மானிட்டர் 4கே, 144 ஹெர்ட்ஸ். வேகத்தைவிட அமைதி முக்கியம், ஆனால் வேகமும் வேண்டும்.

ப்ராசசர்: ரைசன் 7 9800எக்ஸ்3டி
மதர்போர்டு: ஏதாவது ஒரு எக்ஸ்870 சிப்செட் போர்டு, ஏடிஎக்ஸ் அளவு
ரேம்: ஜி.ஸ்கில் ட்ரைடென்ட் இசட்5 நியோ ஆர்ஜிபி, டிடிஆர்5-6000, 16 ஜிபி நான்கு
கூலர்: நோக்டுவா என்எச்-டி15 ஜி2
கிராஃபிக்ஸ் கார்டு: ஆசுஸ் டஃப் ஆர்டிஎக்ஸ் 5080
கேபினெட்: ஃப்ராக்டல் நார்த்
எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை): 850 வாட் கோல்டு, மாடல் இன்னும் முடிவாகவில்லை
எஸ்எஸ்டி: 2 டிபி, ஜென்5
யூபிஎஸ்: வீட்டில் ஏற்கனவே உள்ள 600 விஏ

கேள்விகள் மூன்று. இவை ஒன்றுக்கொன்று பொருந்துமா? ஏர் கூலருக்குப் பதில் 360 மி.மீ. ரேடியேட்டர் கொண்ட லிக்விட் கூலர் போட்டால் சத்தம் குறையுமா? உள்ளே ஃபோம் ஒட்டிய கேபினெட் வாங்கலாமா?

அளவுகோல்:

நண்பரே, தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நல்ல பொருள். சேர்த்துப் பார்த்தால் இரண்டு இடத்தில் இடிக்கும், ஒரு இடத்தில் வேகம் போகும்.

முதல் இடி கூலருக்கும் ரேமுக்கும். டி15 ஜி2-வின் உயரம் 168 மி.மீ. நார்த் அனுமதிப்பது 170. அதுவும் மெஷ் பக்கவாட்டு மாடலில் வரும் ஃபேன் சட்டத்தைக் கழற்றிய பிறகுதான். 2 மி.மீ. மிச்சம் என்று சந்தோஷப்படுவதற்குள் ரேம் குறுக்கே வரும். முன்பக்க ஃபேனுக்கு அடியில் ரேமுக்கு இருக்கும் இடம் 32 மி.மீ. நீங்கள் எழுதியிருக்கும் விளக்கு வைத்த ரேம் சுமார் 44 மி.மீ. உயரம். ஃபேனைக் கம்பியில் 12 மி.மீ. மேலே ஏற்றி மாட்டினால் ரேம் தப்பிக்கும், ஆனால் ஃபேன் 170-ஐத் தாண்டிப்போய்க் கண்ணாடியில் முட்டும். கூலரின் அளவுப் பட்டியலில் 168 என்றுதான் போட்டிருக்கும், அது உயரம் குறைந்த ரேமுக்கான கணக்கு. அதே கம்பெனியின் ஃப்ளேர் எக்ஸ்5 சுமார் 33 மி.மீ.தான், விளக்கு கிடையாது.

அடுத்தது, நான்கு ரேம் வேண்டாம். ஏஎம்5-ல் (இந்த ப்ராசசர் உட்காரும் சாக்கெட்) இரண்டு ரேம் போட்டால் ஏஎம்டி தரும் அதிகாரப்பூர்வ வேகம் 5600. நான்கு போட்டால் அது 3600 ஆகிவிடும். பெட்டியில் 6000 என்று அச்சடித்திருப்பது எக்ஸ்போ வேகம், அதாவது பயாஸில் நாமே இயக்கும் ஓவர்கிளாக் வேகம். நான்கு குச்சியில் அது நிலைக்காமல் போக வாய்ப்பு அதிகம், நிலைத்தாலும் பூட் ஆக நேரம் எடுக்கும். 64 வேண்டுமென்றால் 32 ஜிபி இரண்டு வாங்குங்கள், 6000 வேகம், சிஎல்30 தாமதம். கேமுக்கு மட்டும் என்றால் 16 இரண்டே போதும். ப்ராசசர் பக்கத்திலிருந்து எண்ணினால் 2-ம், 4-ம் ஸ்லாட்டில் போட வேண்டும். 1-லும் 3-லும் போட்டுவிட்டு 6000 ஓடவில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

இரண்டாவது இடி கார்டு. டஃப் 5080 நீளம் 348 மி.மீ. முன் ஃபேனோடு நார்த்தில் 355 வரை போகும், ஆக நீளத்தில் பிழைத்தது. அகலம்தான் பிரச்சினை, 146 மி.மீ. கார்டுக்குப் பவர் தரும் 12வி-2எக்ஸ்6 கேபிள் பிளக்கிலிருந்து வெளியே வந்து 35 மி.மீ. நேராகப் போன பிறகுதான் வளைய வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. 146-ம் 35-ம் 181. கூலருக்கே 170 தரும் கேபினெட்டில் கண்ணாடி மூடும்போது கேபிள் நசுங்கும். நசுங்கிய கேபிளில் பிளக் ஒரு பக்கமாகச் சாயும், சில பின்கள் மட்டும் மொத்தக் கரண்டையும் சுமக்கும், சூடாகி உருகும். 360 வாட் கார்டுக்கு 12 வோல்ட்டில் 30 ஆம்பியர் போகிறது, விளையாட்டில்லை.

அதனால் ஒன்று நார்த் எக்ஸ்எல் எடுங்கள், கூலருக்கு 185, கார்டுக்கு 413 மி.மீ. இல்லையென்றால் நார்த்தையே வைத்துக்கொண்டு கார்டை மாற்றுங்கள், அகலம் 130-க்குள் இருப்பதாக. அமைதி முக்கியம் என்று நீங்களே சொன்னதால் நான் எக்ஸ்எல் பக்கம். பெரிய ஹீட்சிங்க் கொண்ட கார்டு மெதுவாகச் சுற்றும் ஃபேனோடு அதே வெப்பத்தை இறக்கும். அந்த 146 மி.மீ. அகலம் அதற்காகத்தான்.

மதர்போர்டில் எக்ஸ்870 தேவையில்லை. அதில் யூஎஸ்பி4 கட்டாயம். அதற்காக ப்ராசசரின் லேன்களில் (தரவு போகும் பாதைகளில்) நான்கைத் தின்றுவிடும், சில போர்டுகளில் இரண்டாவது எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி போட்டால் கார்டு ஸ்லாட் 16 லேனிலிருந்து எக்ஸ்8 (எட்டு லேன்) ஆகிவிடும். ஜென்5 எக்ஸ்8-ல் 5080-க்கு வேகம் பெரிதாகக் குறையாது என்பது உண்மைதான், ஆனாலும் தேவையில்லாத அம்சத்துக்குக் காசு எதற்கு. நல்ல பி850 சிப்செட் போர்டு போதும். பார்க்க வேண்டியது நான்கு: விஆர்எம் (ப்ராசசருக்கு வோல்டேஜ் இறக்கித் தரும் பகுதி) மேல் கனமான ஹீட்சிங்க், சிப்செட்டில் சின்ன ஃபேன் இல்லாதது, கேபினெட் ஃபேனுக்கு நான்கு பின் தலைகள் குறைந்தது நான்கு, ப்ராசசர் இல்லாமலேயே பயாஸ் ஏற்றும் ஃப்ளாஷ்பேக் பட்டன். பழைய 600 வரிசை போர்டு வாங்கினால் அந்தப் பட்டன் இல்லாமல் மாட்டிக்கொள்வீர்கள், பழைய பயாஸுக்கு இந்த ப்ராசசரைத் தெரியாது.

எஸ்எஸ்டியில் ஜென்5 வேண்டாம். கேம் திறக்கும் நேரத்தில் ஜென்4-க்கும் அதற்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, சூடு மட்டும் தெரியும். சாம்சங் 990 ப்ரோ அல்லது டபிள்யூடி எஸ்என்850எக்ஸ், போர்டோடு வரும் தகடே போதும்.

வேப்பமரம்:

ப்ரோ, மேல சொன்னதெல்லாம் கரெக்ட். ஆனா லிக்விட் கூலரை யாரும் பேசலையே. 34 டிகிரி ரூம்ல 360 ரேடியேட்டர் மேல் தட்டுல மாட்டினா ப்ராசசர் சூடு நேரா வெளிய போயிடும். ஏர் கூலர் கார்டு கக்குற சூட்டுக் காத்தைத்தான் இழுக்கும். 5080 கீழ இருந்து 300 வாட்டுக்கு மேல ஊதுது, அதுக்கு மேலதான் டி15 உக்காந்திருக்கு. யோசிங்க.

அளவுகோல்:

வேப்பமரம் சொல்வதில் பாதி சரி, ஏர் கூலர் கார்டின் வெப்பத்தை வாங்கத்தான் செய்யும். ஆனால் மேல் தட்டு ரேடியேட்டரும் கேபினெட்டுக்குள் இருக்கும் அதே காற்றைத்தான் இழுத்து வெளியே தள்ளுகிறது. ரேடியேட்டரை முன்னால் வைத்தால் ப்ராசசர் குளிரும், கார்டுக்குப் போவது சூட்டுக் காற்று.

அதைவிட முக்கியம் வாட் கணக்கு. 9800எக்ஸ்3டி-யின் உச்ச வரம்பு 162 வாட், ஆனால் 4கே கேமில் அது பெரும்பாலும் 60 முதல் 90 வாட்டுக்குள் ஓடும். இந்த மாடலில் கேஷ் அடுக்கை கோருக்குக் கீழே கொண்டுபோய்விட்டார்கள், அதனால் முந்தைய தலைமுறை 7800எக்ஸ்3டி-யைவிட வெப்பம் எளிதாக மேலே ஏறி வரும். 90 வாட்டுக்கு டி15 ஜி2 தாராளம். 650 ஆர்பிஎம்மில் சமாளிக்கும்.

சத்தம் என்று வந்தால் பம்ப்பை ஃபேன் போல நிறுத்திவைக்க முடியாது. இரண்டாயிரத்துச் சொச்சம் ஆர்பிஎம்மில் கணினி சும்மா இருக்கும்போதும் ஒரு ரீங்காரம் இருந்துகொண்டே இருக்கும், இரண்டடி தூரத்தில் அது கேட்கும். நாளடைவில் ரப்பர் குழாய் வழியே திரவம் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும், காற்றுக் குமிழி சேரும், பம்ப் மேலே இருக்கும்படி மாட்டியிருந்தால் களகளவென்று சத்தம் வரும். ஏர் கூலரில் கெடக்கூடியது ஃபேன் ஒன்றுதான், பத்து நிமிடத்தில் மாற்றலாம்.

டி15 விலை அதிகம் என்றால் தெர்மல்ரைட் ஃபேன்டம் ஸ்பிரிட் 120 எஸ்இ, உயரம் 154 மி.மீ. வெப்பத்தில் அருகருகே வரும், ஃபேனின் குரல் மட்டும் கொஞ்சம் முரடு. இந்த ப்ராசசருக்கு அதுவே போதும் என்பது என் கருத்து, மிச்சக் காசை கேபினெட் ஃபேனில் போடலாம்.

மெல்லிசைக்காது:

மூன்றாவது கேள்விக்கு யாரும் வரவில்லை, நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஃபோம் கேபினெட் வேண்டாம், குறிப்பாக 34 டிகிரியில். ஃபோம் அடக்குவது மேல் ஸ்தாயியை, உஸ்ஸென்ற காற்றுச் சத்தத்தையும் கார்டின் காயில்களிலிருந்து வரும் கீச்சுச் சத்தத்தையும் கொஞ்சம். அடிக்குரல் ரீங்காரம் அதைத் தாண்டி வந்துவிடும். ஃபோம் ஒட்டும் கேபினெட்டுக்கு முன்பக்கமும் மூடியிருக்கும், காற்று ஓரத்து இடுக்கு வழியாகத்தான் நுழையும். 400 வாட் சொச்சத்தை வெளியேற்ற எல்லா ஃபேனும் கூடுதலாகச் சுற்றும். கதவைச் சாத்திவிட்டு உள்ளே சத்தமாகப் பேசுவது போலத்தான்.

கணக்கு இதுதான். ஃபேனின் ஆர்பிஎம்மைப் பாதியாக்கினால் காற்று பாதியாகும், ஆனால் சத்தம் சுமார் 15 டெசிபல் இறங்கும். ஒரே மாதிரி இரண்டு ஃபேன் சேர்ந்து ஓடினால் கூடுவது 3 டெசிபல்தான். ஆகவே 1200-ல் ஒரு ஃபேனைவிட 600-ல் இரண்டு ஃபேன் மிக அமைதி, காற்றோ ஏறக்குறைய அதே. நார்த் எக்ஸ்எல் என்றால் முன்னால் 140 மி.மீ. மூன்று உள்ளிழுக்க, பின்னால் ஒன்று வெளியேற்ற. மேலே எதுவும் வேண்டாம். உள்ளிழுப்பது அதிகமாக இருந்தால் இடுக்கு வழியே தூசி நுழையாது, முன் வலையை மாதம் ஒருமுறை துடைத்தால் போதும். வலையில் தூசி அடைந்தால் எவ்வளவு விலைகொடுத்த ஃபேனும் கத்தத்தான் செய்யும்.

ஒரே மாதிரி ஃபேன்களை அச்சு அசலாக ஒரே வேகத்தில் ஓட்டாதீர்கள். ஊம்... ஊம்... என்று அலை அலையாக ஒரு முனகல் வரும், இரண்டு நாதஸ்வரம் சுருதி சேராமல் நிற்பது போல. ஒன்றை 40, 50 ஆர்பிஎம் தள்ளி வையுங்கள். டி15 ஜி2-வில் வரும் இரண்டு ஃபேனும் இதற்காகவே வேறுவேறு வேகத்தில் சுற்றும்படி செய்யப்பட்டவை.

காசே செலவில்லாத வழி ஒன்று: கேபினெட்டை மேசையிலிருந்து இறக்கி, பக்கத்தில் தாழ்வான ஸ்டூல் மேல் வையுங்கள். தூரம் இரட்டித்தால் திறந்த வெளியில் 6 டெசிபல் குறையும், அறைக்குள் அதைவிடக் குறைவு, ஆனால் மேசைப் பலகை அதிர்வது அறவே நிற்கும். வெற்று மேசை ஒரு மிருதங்கம்தான்.

அப்புறம், சீலிங் ஃபேன் 5-ல் சுற்றும்போது இதில் எதுவும் கேட்கப்போவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த உழைப்பெல்லாம் ஏசி போட்டு ஃபேனை நிறுத்திய இரவுக்குத்தான்.

சைன்அலை:

600 விஏ யூபிஎஸ்ஸைப் பார்த்ததும் எழுத வந்தேன். அதன் உண்மையான கொள்ளளவு பொதுவாக 360 வாட். உங்கள் கார்டு மட்டுமே 360. ப்ராசசர், போர்டு, ஃபேன் எல்லாம் சேர்த்து உள்ளே 500-ஐத் தொடும். எஸ்எம்பிஎஸ்ஸின் சேதாரம் சேர்த்துச் சுவரில் 560 வாட், மானிட்டருக்கு இன்னொரு 50. கேம் நடுவில் கரண்ட் போனால் யூபிஎஸ் ஒரு கூவு கூவிவிட்டுப் படுத்துவிடும்.

வேண்டியது 1500 விஏ, 900 வாட் அளவு, ப்யூர் சைன் வேவ், லைன் இன்டராக்டிவ் (கரண்ட் போனால் மட்டும் பேட்டரிக்கு மாறும் வகை). படிக்கட்டு அலை தரும் மலிவு யூபிஎஸ்ஸில் ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்டைச் சீராக இழுக்கும் சுற்று) உள்ள எஸ்எம்பிஎஸ் சில சமயம் மாற்றும் கணத்திலேயே அணைந்துவிடும். வீட்டு இன்வெர்ட்டரில் இணைப்பதாக இருந்தாலும் அதேதான்: சைன் வேவ் மாடலாக இருக்க வேண்டும், பின்னால் உள்ள சுவிட்ச் யூபிஎஸ் மோடில் இருக்க வேண்டும். ஆன்லைன் யூபிஎஸ் வாங்கிவிடாதீர்கள், தரத்தில் உசத்தி, ஆனால் அதன் ஃபேன் நாள் முழுக்கச் சுற்றும். அமைதிக்காக லட்சக்கணக்கில் செலவழித்துவிட்டு யூபிஎஸ் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

எஸ்எம்பிஎஸ் 850 வாட் போதும், என்விடியாவே 5080-க்கு அதைத்தான் சொல்கிறது. ஆனாலும் 1000 வாங்கச் சொல்வேன். காரணம் சக்தி இல்லை, ஃபேன். பாதி லோடுக்குக் கீழே ஃபேன் நின்றே இருக்கும் அல்லது மிக மெதுவாகச் சுற்றும் மாடல்கள் உண்டு, பெரிய அளவு வாங்கினால் அந்த எல்லைக்குள்ளேயே அதிக நேரம் இருப்பீர்கள். கோல்டு, பிளாட்டினம் என்பது திறன் மட்டும், சத்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. சைபெனெடிக்ஸ் என்ற சோதனை நிறுவனம் தரும் லேம்டா என்ற சத்த மதிப்பைப் பாருங்கள்: ஏ++ என்றால் சராசரி 15 டெசிபலுக்குக் கீழ், ஏ+ என்றால் 15-லிருந்து 20. ஏடிஎக்ஸ் 3.1 (எஸ்எம்பிஎஸ் தரநிலை) என்று எழுதியிருக்க வேண்டும், 12வி-2எக்ஸ்6 கேபிள் நேராக எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே வர வேண்டும். பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் மாடுலர் கேபிள்களை எடுத்துப் புதியதில் செருகாதீர்கள். பிளக் பொருந்தும், பின் வரிசை மாறியிருக்கும், ஒரே நொடியில் எஸ்எஸ்டியும் போர்டும் போய்விடும்.

ரிச்சி தெருவில் வாங்கினால் பில்லில் சீரியல் எண் எழுதி வாங்குங்கள். பெட்டியில் இருக்கும் பவர் கார்டையே பயன்படுத்துங்கள், கடைக்காரர் தரும் மெல்லிய கார்டை அல்ல. 230 வோல்ட்டில் 600 வாட் என்பது 2.6 ஆம்பியர்தான், 6 ஆம்பியர் சாக்கெட் போதும், எர்த் மட்டும் உண்மையிலேயே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரவுப்பறவை:

எல்லோருக்கும் நன்றி. மாற்றிய பட்டியல்: பி850 போர்டு, ஃப்ளேர் எக்ஸ்5 32 ஜிபி இரண்டு, டி15 ஜி2, நார்த் எக்ஸ்எல், டஃப் 5080, 1000 வாட் ஏடிஎக்ஸ் 3.1, ஜென்4 எஸ்எஸ்டி, 1500 விஏ சைன் வேவ். டி15-ல் மூன்று வகை இருக்கிறதே, எது? பூட்டும்போது எங்கே தவறு நடக்கும்? பூட்டிய பிறகு பயாஸில் என்ன மாற்ற வேண்டும்?

அளவுகோல்:

ஏஎம்5-க்கு எல்பிசி வகை, அதன் அடித்தட்டு தட்டையான ப்ராசசர் மூடிக்கு ஏற்றது. சாதாரண வகை கிடைத்தாலும் பெரிய நஷ்டம் இல்லை. இன்டெலின் வளைந்த மூடிக்கான எச்பிசி மட்டும் வேண்டாம். மாட்டும் சட்டத்தில் 7 மி.மீ. தள்ளி வைக்கும் துளை இருக்கும், அதில் மாட்டுங்கள். ஏஎம்5-ல் வெப்பம் பிறக்கும் இடம் நடுவில் இல்லை, ஓரமாக இருக்கிறது. இரண்டு, மூன்று டிகிரி சும்மா கிடைக்கும்.

வரிசை முக்கியம். ப்ராசசர், ரேம், எஸ்எஸ்டி மூன்றையும் கேபினெட்டுக்கு வெளியிலேயே போர்டில் போடுங்கள். போர்டில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் கொக்கிகளின் நான்கு திருகையும் கழற்றுங்கள், பின்தகட்டைக் கழற்ற வேண்டாம், நோக்டுவாவுக்கு அதுதான் பிடிமானம். பிறகு போர்டைக் கேபினெட்டில் இறக்கி, இடது மேல் மூலையில் உள்ள 8 பின் ப்ராசசர் பவர் கேபிளை முதலில் செருகுங்கள். கூலர் ஏறிவிட்டால் அந்த மூலைக்குள் விரல் போகாது. கூலரின் அடித்தட்டை மூடியிருப்பதை எடுத்தீர்களா என்று பாருங்கள். திருகுகளை மாறிமாறி இரண்டிரண்டு சுற்றாக, அதுவாக நிற்கும்வரை. கார்டு கடைசி, அதற்குக் கீழே முட்டுக்கட்டை கட்டாயம். 12வி-2எக்ஸ்6 பிளக்கை அழுத்தியபின் டார்ச் அடித்துப் பாருங்கள், கார்டுக்கும் பிளக்குக்கும் நடுவே இடைவெளி தெரியக்கூடாது.

முதல்முறை கணினி பூட் ஆகும்போது திரை கருப்பாகவே இருக்கும், போர்டில் டிராம் (ரேம்) விளக்கு எரியும். ரேம் பயிற்சி நடக்கிறது. 64 ஜிபிக்குப் பல நிமிடங்கள் எடுக்கலாம். பயந்து அணைத்தால் மீண்டும் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

பயாஸை முதலில் புதுப்பித்துவிட்டு எக்ஸ்போவை இயக்குங்கள். இயக்கியபின் எஸ்ஓசி வோல்டேஜ் (ப்ராசசரில் ரேம் கன்ட்ரோலர் உள்ள பகுதிக்குப் போவது) 1.3-க்கு மேல் போகவில்லை என்று பாருங்கள். 2023-ல் ப்ராசசர்கள் கருகிய விவகாரத்துக்குப் பிறகு ஏஎம்டி போட்ட வரம்பு அது. 1.2 அளவிலேயே 6000 நிலைக்கும்.

மெல்லிசைக்காது:

ஃபேன் அமைப்பை நான் சொல்கிறேன். ரைசனின் வெப்பமானி ஒரு ப்ரௌசர் டேப் திறந்தாலே 15 டிகிரி துள்ளும். பயாஸின் சாதாரண அமைப்பில் ஃபேன் அதைத் துரத்திக்கொண்டு ஏறி இறங்கும். ஒரே அளவில் இருக்கும் சத்தத்தைக் காது மறந்துவிடும், ஏறி இறங்குவதை மறக்காது. எனவே கூலர் ஃபேன் 65 டிகிரி வரை 500 ஆர்பிஎம், 80-ல் 900, 90-ல் முழு வேகம். ஏறும் தாமதத்தை உங்கள் போர்டு அனுமதிக்கும் அதிகபட்ச நொடிகளில் வையுங்கள். ப்ராசசரின் வரம்பு 95 டிகிரி, கோடையில் 80-ஐப் பார்த்துப் பதற வேண்டாம். அறை 10 டிகிரி ஏறினால் உள்ளேயும் ஏறக்குறைய 10 ஏறும்.

கேபினெட் ஃபேன்களைப் ப்ராசசர் வெப்பத்தோடு கட்டாதீர்கள், சூட்டில் முக்கால்வாசி கார்டிலிருந்து வருகிறது. பயாஸுக்குக் கார்டின் வெப்பம் தெரியாது. ஃபேன் கன்ட்ரோல் என்ற இலவச மென்பொருளில் இரண்டில் எது கூடுதலோ அதைப் பின்பற்றும்படி வைக்கலாம். 500-ல் தொடங்கி, கார்டு 70 டிகிரியில் 750. ஃபேன் எந்த ஆர்பிஎம்மில் முனகுகிறது என்று 50, 50-ஆக ஏற்றிக் கேட்டுப் பாருங்கள், அந்த எண்ணைத் தாண்டிக் குதிக்கும்படி வளைவை அமையுங்கள்.

கார்டில் முதல் வேலை பவர் லிமிட்டை 80 சதவீதம் ஆக்குவது. 360 என்பது 288 வாட் ஆகும், வேகத்தில் போவது சில சதவீதம்தான், கடைசி 70 வாட் அறையைச் சூடாக்கத்தான் பயன்படுகிறது. பொறுமை இருந்தால் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் வோல்டேஜ் வளைவைத் தொடுங்கள், 0.925 வோல்ட்டில் 2700 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி, கேம் தொங்கினால் 30, 30-ஆக இறக்குங்கள்.

வேப்பமரம்:

லிக்விடை வாபஸ் வாங்கிக்கிறேன். ஒண்ணு மட்டும். 5080 எடுத்தா காயில் வைன் வரலாம், கீச்சுனு ஒரு சத்தம், ஃபேன் நின்னாலும் கேக்கும். அது காயிலுக்குள்ள கரண்ட் மாறி மாறி ஓடுறப்ப வர்ற அதிர்வு, ஃபால்ட் இல்ல, பல பேர் வாரண்டில மாத்தித் தர மாட்டாங்க. ஃப்ரேம் ஏற ஏற கீச்சும் ஏறும். கேம் மெனுல 900 ஃப்ரேம் ஓடும்போதுதான் காது கிழியும். 144 மானிட்டருக்கு 138-ல லாக் பண்ணிடுங்க, ஜி-சிங்க்கும் (ஃப்ரேமோட வேகத்துக்கு மானிட்டரைச் சேத்து ஓட்டுறது) அந்த எல்லைக்குள்ள ஒழுங்கா வேலை செய்யும். அதுக்கப்புறமும் கீச்சுன்னா வேற எஸ்எம்பிஎஸ் போட்டுப் பாருங்க, சில சமயம் சத்தம் அங்க இருந்துதான் வரும். எதுன்னு தெரியலைன்னா ஏ4 தாளைக் குழாயா சுருட்டி ஒரு முனையைக் காதுல வச்சுக் கேளுங்க, ஃபேன் பிளேடு பக்கம் மட்டும் கொண்டு போகாதீங்க.